பொட்டலம் கட்டிய துப்பாக்கி

அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடங்களுக்கு 1967இல் எழுதிய விதி ஒன்று உண்டு. உறுப்பினர் தம் அலுவலக அறைக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அவருடைய உதவியாளர் அதை வளாகத்துக்குள் கொண்டுவரலாம், கொண்டுபோகலாம். நிபந்தனை இரண்டுதான். தோட்டா போட்டிருக்கக் கூடாது. நன்றாகப் பொட்டலம் கட்டியிருக்க வேண்டும்.

சட்டம் பிறக்கிற இடத்தில் மானம் மரியாதையைப் பாருங்கள். துப்பாக்கியைக்கூட அம்மணமாக உள்ளே விடுவதில்லை.

2007 மார்ச் 26ஆம் தேதி செனட்டர் ஜிம் வெப்பின் உதவியாளர் ஒருவர் இந்த இரண்டு நிபந்தனையையும் கோட்டைவிட்டார். செனட் அலுவலகக் கட்டட வாசலில் இருந்த எக்ஸ்ரே இயந்திரம், அவர் பையில் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கி இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. கைது செய்தார்கள். மறுநாள் விட்டார்கள். ஒரு மாதம் கழித்து வழக்கையே கைவிட்டார்கள். தெரிந்தே கொண்டுவந்தார் என்று நிரூபிக்க முடியாதாம். பாவம், பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் இருந்திருக்காது. மக்கள் பணி அப்படி.

அந்த உதவியாளர் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மறதி எல்லோருக்கும் வருவதுதான். மலேசியாவில் எங்கள் கேமரன் மலைக்கும் வரும், தாப்பாவுக்கும் வரும், ரவாங்குக்கும் வரும். அந்த வியாதிக்கு ஆளுக்கு ஒரு மருந்து கொடுக்கிறார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம் நடந்தபோது தோட்டத் தொழிலாளி பொட்டலம் கட்டி எடுத்துப் போனால், உள்ளே என்ன இருந்தால் குற்றம் தெரியுமா? சோறு. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டே மடக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அரிசிக்கு அளவு கட்டினார்கள். பல இடங்களில் வீட்டில் உலை வைக்கவே கூடாது. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோற்றைத்தான் வாங்கித் தின்ன வேண்டும். வெந்த சோறு மறுநாளே ஊசிப்போகும், காட்டுக்குக் கடத்திச் சேர்த்து வைக்க முடியாது அல்லவா? கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி உடம்பைத் தடவிப் பார்த்தார்கள். 1956இல் செமினியில் பெண்களின் உடையைக் களைய வைத்துச் சோதித்தார்கள் என்ற புகார், அரசாங்கமே விசாரணை வைக்கும் அளவுக்கு நாறியது.

பொட்டலத்தில் துப்பாக்கி இருந்தால் வாஷிங்டனில் விதி எழுதி வழிவிடுகிறார்கள். பொட்டலத்தில் ஒரு பிடிச் சோறு இருந்ததற்கு இங்கே விலங்கு மாட்டினார்கள்.

அதே காலத்தில் துரைமார் எப்படிப் போய்வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டுக் கொன்றார்கள். கொலை கொலைதான், அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு அரசாங்கம் செய்ததைப் பாருங்கள். ஒரு கையால் துரைமாருக்கு ஸ்டென் துப்பாக்கி கொடுத்தது. பங்களாவைச் சுற்றி மணல்மூட்டை, முள்கம்பி, காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். மறு கையால், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று எழுதியது. சுட வேண்டியதில்லை. நீட்டி மிரட்ட வேண்டியதில்லை. இடுப்பில் இருந்தாலே போதும். உரிமம் யார் கொடுப்பது? சாயங்காலம் துரையோடு கிளப்பில் உட்கார்ந்து குடிக்கிறவர்தான்.

எங்கள் மலை ஊரான தானா ராத்தாவில் 1951இல் ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கு ஸ்லிம் பள்ளி என்று ஒரு விடுதிப் பள்ளி திறந்தார்கள். தாப்பாவிலிருந்து மலையேறும் பிள்ளைகளைக் கவச வண்டியில் ஏற்றி ராணுவக் காவலோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். நல்லது, பிள்ளைகள் பத்திரமாகப் போகட்டும். அதே மலையில் கொழுந்து பறித்தவள் பெற்ற பிள்ளைகள் என்ன வண்டியில் போனார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்குக் கவசம் ஆயாக் கொட்டகையின் தகரம்தான்.

அந்தத் தூக்கு விதி கடைசியில் யார் கழுத்தைத் தேடிப் போயிற்று? பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையிலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதியின் கழுத்தை. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் அவர். 1948 ஜூனில் அந்தச் சம்மேளனத்தையே தடை செய்தார்கள். 1949 மார்ச் 1ஆம் தேதி ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தில் அவர் பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. வழியில் கிடந்தது, எடுத்துப் போலீசில் ஒப்படைக்கப் போனேன் என்றார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நீதிமன்றம் நம்பவில்லை. உயிரை மட்டுமாவது விடுங்கள் என்று இந்திய அரசாங்கம் கேட்டுப் பார்த்தது. மே 4ஆம் தேதி பூடு சிறையில் தூக்கில் போட்டார்கள். பிடித்த நாளிலிருந்து எண்ணினால் 64 நாள். அவருக்குப் பின் சம்மேளனத்தில் முன்னுக்கு நின்ற வீரசேனனை அதே வாரத்தில் சுட்டுக் கொன்றார்கள். கணபதி மீது கொலை வழக்கு இல்லை. அவர் கையிலிருந்து ஒரு தோட்டா வெடித்ததாகவும் வழக்கு இல்லை.

பையில் இருந்தது தெரியாது என்று செனட்டரின் ஆள் தரப்பில் சொன்னபோது ஓர் அரசாங்கம் கேட்டுத் தலையாட்டியது. வழியில் கிடந்தது என்று தொழிலாளர் தலைவர் சொன்னபோது ஓர் அரசாங்கம் கயிறு திரித்தது.

ஜொகூரில் சாம்பசிவம் என்று இன்னொருவர். தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் அவருக்கு விடுதலை. துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டிலும், நீதிபதிக்குத் துணையாக உட்கார்ந்த அசெஸர்கள் குற்றமில்லை என்றார்கள். நீதிபதிக்கு மனம் ஒப்பவில்லை, மறுவிசாரணை என்றார். மறுவிசாரணையில் தூக்கு. எந்தத் தோட்டாவுக்காக விடுதலை செய்தீர்களோ அதே தோட்டாவைச் சாட்சியாக்கி எப்படித் தண்டிக்கலாம் என்று 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் கேட்டதால் தலை தப்பியது. இன்றும் பல நாட்டு நீதிமன்றங்களில் அந்த வழக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். தோட்டத்துத் தமிழன் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏற வேண்டுமானால் தூக்குமேடைப் படிவரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் போய்விட்டானே, பிறகும் ஏன் புலம்பல் என்கிறீர்களா? போகும்போது விதிப் புத்தகத்தை மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனான். நம்மவர்கள் தூசு தட்டி எடுத்துக்கொண்டார்கள். பினாங்கில் 1977இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். மீசை முளைக்காத பயல். ஊர் உலகம் கூச்சல் போட்ட பிறகு உயிரை விட்டு, 21 வயதுவரை ஹென்றி கர்னி பள்ளியில் அடைத்துவைக்கச் சொன்னார்கள். பள்ளியின் பெயரைக் கவனியுங்கள். 1951இல் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ஹை கமிஷனரின் பெயர் அது. சட்டத்துக்கு ஞாபகசக்தி அபாரம்.

ஐந்து வருஷம் கழித்து அதே சட்டத்தின் ஞாபகசக்தி மங்கியது. 1982 ஏப்ரல் 14ஆம் தேதி நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தின் சபாநாயகர் டத்தோ முகமட் தாஹா தாலிப் சுட்டுக் கொல்லப்பட்டார். பொதுத்தேர்தலுக்கு எட்டு நாள்தான் இருந்தது. காட்டிலிருந்து இறங்கி வந்தவனா சுட்டான்? நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டது மத்திய அமைச்சரை. கலாசார, இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சர் மொக்தார் ஹாஷிம். சுடப்பட்டவரும் அவரும் ஒரே கட்சி. 1983 மார்ச்சில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1991இல் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார். 2020வரை வாழ்ந்தார்.

யாருக்கும் தூக்கு வேண்டும் என்று கேட்கிற ஆள் நான் இல்லை, அமைச்சருக்கும் கேட்கவில்லை. அந்தக் கருணைக்குப் பூடு சிறைக்கு வழி தெரியாமல் போனதே என்றுதான் பல்லைக் கடிக்கிறேன். சபாநாயகரைச் சுட்டதாகத் தண்டனை பெற்றவர் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போனார். ஒருவரையும் சுட்டதாகச் சொல்லப்படாத கணபதி 64 நாளில் குழிக்குப் போனார். இன்றைக்கும் உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 வருஷம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. குற்றம் செய்யும்போது சுட்டால் கட்டாயத் தூக்கு என்றிருந்ததை 2023இல்தான் எடுத்தார்கள்.

ஆகவே, அமெரிக்காவைப் பார்த்து, சட்டமன்ற உதவியாளர்களுக்கும் ஆயுதம் வேண்டும் என்று நாளைக்கு இங்கே எவராவது மசோதா தூக்கிக்கொண்டு வந்தால், அவர் கஷ்டப்பட வேண்டாமென்று நானே விதிகளை எழுதி வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் வாசிக்கிற குரலில் வாசித்துக்கொள்ளவும்.

துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்க்க வேண்டும். உறுப்பினரிடம் இருந்தால் தற்காப்பு. உதவியாளரிடம் இருந்தால் மறதி. துரையிடம் இருந்தால் காட்டுப்பன்றி வேட்டை. கொழுந்துக் கூடை சுமக்கிறவரிடம் இருந்தால் அரசுக்கு எதிரான போர். உதவியாளர் என்பவர் உறுப்பினரின் மச்சானாகவோ, மச்சானுக்கு மச்சானாகவோ இருக்க வேண்டும். சேவை மையத்தைக் கூட்டிப் பெருக்குகிற அக்காள் உதவியாளர் ஆகமாட்டார். அவருக்கு விளக்குமாறு போதும், அதையும் சாயங்காலம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று மனு கொண்டுவரும் தொழிலாளி, உதவியாளரின் சட்டைக்குள் எதுவோ புடைத்திருப்பதைக் கண்டு நடுங்கினால், அது மனுதாரரின் நரம்புத் தளர்ச்சி. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தரப்படும். தவறிப்போய்க் குண்டு பொதுமக்கள் மீது பட்டால் அது இயற்கைப் பேரிடர். குடும்பத்துக்கு ஐந்து கிலோ அரிசியும், அரிசியைக் கொடுக்கும்போது எடுத்த படமும் வழங்கப்படும். கவ்வாத்துக் கத்தி, பாராங், தேயிலை வெட்டும் கத்தரி ஆகியவை பயங்கர ஆயுதங்கள். இவற்றோடு அரசாங்கக் கட்டடத்தின் நூறடிக்குள் வந்தால் குற்றம். பொட்டலம் கட்டப் பழைய நாளிதழைப் பயன்படுத்தலாம். எதிர்க்கட்சி அறிக்கை வந்த பக்கமானால் விசேஷம்.

சிரிக்கிறீர்கள். நம் அரசாங்கக் கட்டட வாசல்களில் இப்போதே என்ன சோதிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2015இல் கோம்பாக் சாலைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வந்த பெண்ணின் பாவாடை குட்டை என்று சாரோங் கட்டச் சொன்னார்கள். 2023இல் காஜாங்கில் போலீசுக்குப் புகார் கொடுக்கப் போன பெண்ணை, கால்சட்டை சரியில்லை என்று வாசலிலேயே தடுத்தார்கள். அதாவது, நமது அரசாங்கத்தின் கண்ணில் முழங்கால் அபாயகரமான பொருள். அதை மூடிக்கொண்டு வர வேண்டும். அமெரிக்காக்காரன் துப்பாக்கிக்குக் கேட்கிற பொட்டலத்தை நம்மவன் பெண்ணின் காலுக்குக் கேட்கிறான். இந்த வாசல் காவலர்களிடம் நாளைக்கு உதவியாளர் ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தால் என்ன செய்வார்கள்? அவர் முழுக்கால் சட்டை போட்டிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். சப்பாத்து போட்டிருந்தால் சல்யூட்.

பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நம்பக் கூடாது. அமெரிக்காவில் 2021 ஜனவரி 6ஆம் தேதி கும்பல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. அடுத்த வாரமே சபை வாசலில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வைத்தார்கள். கோபித்துக்கொண்டது கும்பல் இல்லை, உறுப்பினர்கள். என்னையா சோதிக்கிறாய் என்று சிலர் கருவியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முதல் தடவைக்கு 5,000 டாலர், அடுத்த தடவைக்கு 10,000 டாலர் அபராதம் என்று பயமுறுத்திப் பார்த்தார்கள். 2023 ஜனவரியில் பெரும்பான்மை கைமாறியது, கருவியைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். சட்டம் போடுகிறவனுக்குப் பயம் வெளியிலிருந்து வருகிறவன் மீது மட்டும்தான். பக்கத்து நாற்காலியைப் பற்றி அவனுக்குச் சந்தேகமே வராது. நெகிரி செம்பிலானில் அந்த ஏப்ரல் இரவு என்ன நடந்தது என்பதை யாராவது அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் தேவலை.

துப்பாக்கி இல்லாமலே சட்டமன்றத்தைக் கைப்பற்றும் வித்தையும் நமக்குத் தெரியும். எங்கள் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கினால் ஈப்போ. ஆட்சி யாருடையது என்ற தகராறில் அங்கே 2009 மார்ச் 3ஆம் தேதி பேராக் சட்டமன்றம் கூடவிருந்த கட்டடத்தின் வாசல் பூட்டிக் கிடந்தது. சபாநாயகர் வி. சிவகுமார் மரத்தடியில் சபையைக் கூட்டினார். மே 7ஆம் தேதி மறுபடி கூடியபோது, அங்கி அணிந்து நாற்காலியில் இருந்த அவரைச் சாதாரண உடையில் வந்த போலீசார் இழுத்துக்கொண்டு போய் ஓர் அறையில் அடைத்தார்கள். காலியான இடத்தில் உட்கார்ந்தவர் ம.இ.கா.வின் ஆர். கணேசன். இழுபட்டவரும் தமிழர், அமர்ந்தவரும் தமிழர். இந்தச் சமூகத்துக்கு இருபக்கமும் பிரதிநிதித்துவம் இல்லை என்று இனி எவனும் குறை சொல்ல முடியாது. சபாநாயகரின் கௌரவம் ஆயுதமில்லாத சபையிலேயே இந்த லட்சணம். அத்தனை பேருடைய உதவியாளர்களும் அன்றைக்கு ஆளுக்கொன்று செருகிக்கொண்டு வந்திருந்தால்? அந்தக் கைகலப்பில் ஒரு விரல் தவறியிருந்தால்?

கேமரன் மலையில் இந்தச் சிரமம் எதற்கு என்றும் கேட்கலாம். இங்கே அரசியலுக்குத் துப்பாக்கி தேவைப்பட்டதில்லை, உறை போதும். 2018 பொதுத்தேர்தலில் ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் போனது என்று தேர்தல் நீதிமன்றம் கண்டு, அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இந்தத் தொகுதியின் வெற்றியைச் செல்லாது என்றது. வெற்றி வித்தியாசம் வெறும் 597 வாக்கு. 2013இல் இன்னும் குறைவு, 462. இவ்வளவு சொற்பமான இடைவெளியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் பிறக்கிற மலையில், வாக்காளரைச் சுடுவது பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாது. ஓட்டு குறைந்துவிடும்.

ஓட்டு இல்லாத காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அதற்கு ராணுவம் வந்தது, ஐந்து பேர் செத்தார்கள். சைக்கிள் மீது உட்கார்ந்திருப்பதையே ஆயுதமாகப் பார்த்த கூட்டத்தின் வாரிசுகள்தான் இன்று, யார் ஆயுதம் வைத்திருக்கலாம் என்று வகை பிரித்துச் சொல்ல வருகிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் இந்தப் பேச்சு எழுந்தாலும் எனக்கு முதலில் கேட்பது அந்த ஐந்து பேரின் சைக்கிள் மணிதான். அடுத்து நான் கேட்பது, பேச்சை எடுத்தவர் எந்தப் பக்கம் இருந்தார் என்பது.

எங்கள் தொகுதியின் உறுப்பினர் ரம்லி முகமட் நோர். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. மக்களவைக்குத் தேர்வான முதல் ஓராங் அஸ்லி. 2022 டிசம்பரில் மக்களவையின் துணைச் சபாநாயகரானவர். துப்பாக்கியும் தெரியும், சபையும் தெரியும், சோதனைச் சாவடியில் முதலில் நிறுத்தப்படும் முகம் எது என்பதும் தெரிந்திருக்கும். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த நாட்டில் எத்தனை அமைச்சர்கள், எத்தனை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், எத்தனை உதவியாளர்கள் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சபையில் வையுங்கள். பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஐ.சி. எண், வீட்டு எண், பிள்ளைகளின் எண்ணிக்கை, போன தேர்தலில் எந்தச் சின்னத்துக்குப் போட்டிருப்போம் என்ற ஊகம் வரைக்கும் ஒவ்வொரு கட்சியின் சேவை மையத்திலும் கோப்பு கோப்பாக இருக்கிறது. அவர்கள் இடுப்பில் இருப்பது மட்டும் எங்களுக்கு ரகசியமா? பட்டியல் வந்ததும் ஒரு பிரதியை ரிங்லெட் கடைத்தெருவில் ஒட்டச் சொல்லுங்கள். சுவரில் இடம் இருக்கிறது. போன தேர்தலுக்கு ஒட்டிய முகங்களின் மேலேயே ஒட்டலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.